மூன்று பக்கமும் வலைதானே?

அமெரிக்கக் கடைகளில் விற்கும் அடுப்புக்கரி மூட்டைகளின் மேல் ஒரு சின்னப் படம் அச்சடித்திருக்கும். ஒரு வீடு, ஒரு கூடாரம், ஒரு வண்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரியடுப்பு. குறுக்கே பெரிய பெருக்கல் குறி. உள்ளே வைத்துக் கரி மூட்டினால் உயிர் போகும் என்று பக்கத்தில் எழுத்தும் உண்டு.

வராந்தா அந்தப் படத்தில் இல்லை. ஜார்ஜியா, வட கரோலினா, டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களில் கொசுத்தொல்லை அதிகம் என்பதால், வீட்டின் பின்புறம் கூரை போட்டு மூன்று பக்கமும் வலையடித்த வராந்தா பல வீடுகளில் இருக்கிறது. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் பார்பெக்யூ அடுப்பு தணலாகிவிட்டது, கோழி பாதி வெந்திருக்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது. அடுப்புக்குச் சக்கரம் இருக்கிறது, வராந்தா நாலடி தள்ளி இருக்கிறது. மேலே கூரை, சுற்றி வெறும் வலை, காற்று தாராளமாக வருகிறது. இது வெளியில் சமைப்பதுதானே?

இல்லை என்கின்றன அடுப்போடு வரும் கையேடுகள். கூரையின் கீழ் வேண்டாம், இறவாணத்தின் கீழ் வேண்டாம், வலையடித்த வராந்தாவில் வேண்டவே வேண்டாம். வழக்குக்குப் பயந்து கம்பெனிக்காரர்கள் எதைத்தான் எழுதுவதில்லை என்று பலரும் இதை ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சந்தேகத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு எச்சரிக்கைக்குப் பின்னால் உண்மையான இயற்பியல் இருக்கிறது. நாம் சுவர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறோம். பார்க்க வேண்டியது கூரையை.

திறந்தவெளியில் எரியும் தணலிலிருந்து என்ன கிளம்புகிறது என்று முதலில் பார்ப்போம். சூடான வாயு லேசானது என்பதால் மேலே போகிறது. இதை வெப்பத்தூண் என்று சொல்லலாம். இந்தத் தூண் தனியாக ஏறுவதில்லை. ஏறும் வழியெல்லாம் பக்கத்திலிருக்கும் குளிர்ந்த காற்றைச் சுழித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஏற ஏறத் தூண் அகலமாகிறது, சூடு குறைகிறது, புகையும் நீர்த்துப்போகிறது. தன் வேகத்துக்கு ஒத்த விகிதத்தில் தூண் பக்கக்காற்றை இழுக்கிறது என்ற எளிய அனுமானத்தை வைத்துக்கொண்டு, 1956-ல் மார்ட்டன், டெய்லர், டர்னர் என்ற மூவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். இதில் டெய்லர் என்பவர் திரவ ஓட்ட ஆய்வில் பெரும்பெயர் பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி. ஐ. டெய்லர். அடுப்புப் புகை முதல் எரிமலைப் புகை வரைக்கும் இன்றும் அடிப்படை அந்தக் கணக்குதான். தூண் உயரமாக வளர இடம் இருக்கும்வரை புகை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது என்பது அதிலிருந்து கிடைக்கும் செய்தி.

கூரை அந்த வளர்ச்சியைப் பாதியில் வெட்டிவிடுகிறது. இரண்டரை மீட்டர் உயரத்தில் பலகையில் முட்டிய புகை மேலே போக வழியில்லாமல், கூரையை ஒட்டியே நாலாபக்கமும் பரவுகிறது. தீயணைப்பு ஆய்வாளர்கள் தனியாகக் கவனிக்கும் இந்தக் கிடைமட்ட ஓட்டத்தைக் கூரையோட்டம் எனலாம். அது விளிம்புவரை போய் வெளியேறிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. வலையடித்த வராந்தாவின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வலை கூரைவரை போவதில்லை. தூண்களின் தலையில் ஓர் உத்தரம் குறுக்கே ஓடுகிறது. கூரைப்பலகையிலிருந்து ஒரு முழமோ அதற்கு மேலோ அது கீழே இறங்கியிருக்கும். வலை அதற்குக் கீழேதான் தொடங்குகிறது.

தண்ணீர்த் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தது போன்ற அமைப்பு இது. தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை நிரம்பிய பிறகுதான் வழியும். கவிழ்த்த தொட்டியில் சூடான புகை, உத்தரத்தின் அடிவிளிம்புவரை நிரம்பிய பிறகுதான் வழியும். பக்கங்கள் எவ்வளவு திறந்திருந்தாலும் அந்த விளிம்புக்கு மேலே தேங்கியது தேங்கியதுதான்.

மூடிய இடத்தில் வெப்பத்தூண் எப்படி நிரம்புகிறது என்பதை 1969-ல் பெய்ன்ஸும் அதே டர்னரும் சேர்ந்து, கண்ணாடித் தொட்டிக்குள் உப்புக்கரைசலை விட்டுச் சோதித்தார்கள். காற்றும் புகையும் வேண்டியதில்லை. நல்ல தண்ணீருக்குள் மேலிருந்து இறங்கும் உப்புநீர், கீழிருந்து ஏறும் புகையின் தலைகீழ்ப் படம். அந்தப் படத்தைத் திருப்பிப் பிடித்தால், மேலே ஒரு படலம் உருவாகி, அதன் அடிமட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1990-ல் கேம்பிரிட்ஜில் லிண்டனும் வேறு இருவரும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். அந்தப் பெட்டிக்கு மேலேயும் கீழேயும் திறப்பு வைத்தால் படலம் எந்த உயரத்தில் நிற்கும்? விடை விசித்திரமானது. நெருப்பு பெரிதா சின்னதா என்பதற்கும் அந்த உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. திறப்புகளின் பரப்பும் அறையின் உயரமும்தான் அதை முடிவு செய்கின்றன. நெருப்பைக் குறைத்தால் படலத்தின் சூடு குறையும், அதை வெளியே தள்ளும் விசையும் அதே கணக்கில் குறையும், படலம் நின்ற இடத்திலேயே நிற்கும். ‘சின்னதாகத்தான் மூட்டியிருக்கிறேன்’ என்ற சமாதானம் வராந்தாவில் செல்லாமல் போவது இதனால்தான்.

சரி, வலை? கண்ணாடியிழை நூலில் பிளாஸ்டிக் பூசி, அங்குலத்துக்கு 18-க்கு 16 கண்ணிகள் என்று நெய்த வலைதான் வழக்கமாகக் கிடைப்பது. நூலின் தடிமனைக் கணக்கிட்டால், பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நூலே அடைத்துக்கொள்கிறது. பலத்த காற்றுக்கு இது பெரிய தடையில்லை. மெல்லிய காற்றுக்குத்தான் தடை அதிகம். வேகம் குறையக் குறைய, நூல்களைச் சுற்றிக் காற்று ஒட்டி இழுபடுவது கூடிக்கொண்டே போகிறது. பூந்தாதுவும் தூசியும் படிந்து ஒரு வருஷமான வலை இன்னும் மோசம். கையில் படும் காற்றை வைத்துக் ‘காற்றோட்டம் இருக்கிறது’ என்று முடிவு செய்வதற்கு முன்னால், மழை ஓய்ந்த பிறகு இலைகூட அசையாமல் நிற்கும் அரைமணி நேரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

புகையைக் கலைக்கத்தான் சீலிங் ஃபேன் இருக்கிறதே என்று தோன்றும். நம்மவர்கள் வீட்டில் கையே தானாகச் சுவிட்சுக்குப் போகும். ஃபேன் மேலே தேங்கியதை வெளியே தள்ளுவதில்லை. அதைக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் மூக்குக்கு நேராக இறக்கிவிடுகிறது.

தேங்குவது வெறும் புகையாக இருந்தால் கண் எரிச்சலோடு போய்விடும். கரியடுப்பின் சிக்கல், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத இன்னொன்று அதில் கலந்திருப்பது: கார்பன் மோனாக்சைடு.

மரக்கரி பெரும்பாலும் கார்பன். அதில் ஆக்சிஜன் சேர்ந்து முழுமையாக எரிந்தால் கார்பன் டையாக்சைடு வரும். ஆனால் தணல் குவியலுக்குள் நடப்பது வேறு. அடியில் உருவான டையாக்சைடு, மேலே செந்தணலாக இருக்கும் கரித்துண்டுகளின் ஊடாக ஏறிப்போக வேண்டும். அந்தச் சூட்டில் கரி, டையாக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக்கொள்கிறது. ஒரு மூலக்கூறு டையாக்சைடு உள்ளே போய் இரண்டு மூலக்கூறு மோனாக்சைடு வெளியே வருகிறது. இந்த வினைக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் பூடுவாரின் பெயர் இருக்கிறது. இரும்பு உருக்கும் ஊதுலைகளில் இதைத்தான் வேண்டுமென்றே நடத்துகிறார்கள். இரும்புத்தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவதற்கு இந்த வாயுதான் அங்கே வேலைக்காரன்.

நன்றாகப் பிடித்த கரியின் மேல் நீலநிறத்தில் சின்னச் சின்னச் சுடர்கள் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அது மோனாக்சைடு எரிவது. சுடர் தெரியும்வரை அந்த வாயுவின் ஒரு பகுதியாவது எரிந்து தீர்கிறது. சமையல் முடிந்து, சுடர் அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு அந்த மேல் நெருப்பு இல்லை. உள்ளே தணல் இருக்கிறது, வாயு உருவாகிக்கொண்டே இருக்கிறது, அதை எரித்துவிட ஆளில்லை. புகையும் கிடையாது. பார்ப்பவருக்கு அடுப்பு அடங்கிவிட்டது. என்னைக் கேட்டால், கரியடுப்பில் பயப்பட வேண்டிய கட்டம் கொழுப்பு சொட்டிக் குபீரென்று தீ எழும் நேரத்தை விட, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த இந்த நேரம்தான். மழை நிற்கவில்லையே என்று அடுப்பை வராந்தாவிலேயே விட்டுக் கதவைத் திறந்துவைப்பதும் அப்போதுதான்.

அளவு எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு கிலோ கரி எரிந்தால் ஏறக்குறைய 200 கிராம் மோனாக்சைடு வருகிறது. கன அளவில் 170 லிட்டர் போல. நடுத்தரமான வராந்தா ஒன்றின் உள்ளளவு 40,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது மூடிய பெட்டியாக இருந்தால், உள்ளே காற்றில் ஆயிரத்துக்கு நான்கு பங்குக்கு மேல் மோனாக்சைடு ஆகிவிடும். சீக்கிரமே உயிரை எடுக்கும் அளவு அது.

வராந்தா மூடிய பெட்டி இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ கரி ஒரு மணி நேரத்தில் எரிவதாகக் கொள்வோம். நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லாத மெல்லிய காற்று, நொடிக்கு அரை மீட்டர், ஒரு பக்க வலையில் நுழைந்து மறுபக்கம் போனாலே பத்து நொடிக்கு ஒருமுறை வராந்தாவின் காற்று மாறிவிடும். அப்போது மோனாக்சைடின் சராசரி, பத்து லட்சம் பங்குக்கு 12 பங்குதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு சுமார் 30 பங்கு. ஆக, காற்றடிக்கும் நாளில் வராந்தாவில் கரி மூட்டியவர் ஒன்றும் ஆகாமல் எழுந்து போவதில் ஆச்சரியம் இல்லை. அதே காற்று பத்தில் ஒரு பங்காகத் தளர்ந்தால் 12 என்பது 120 ஆகிவிடும். சாரல் அடிக்கிறதென்று ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டினாலும், குளிர்காலத்துக்காக வலையின் மேல் பிளாஸ்டிக் தடுப்புகள் மாட்டியிருந்தாலும் கணக்கு இன்னும் மோசமாகும். சராசரி என்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. கவிழ்த்த தொட்டிக்குள் தேங்கிய படலத்தில் அளவு சராசரியைவிடப் பல மடங்கு. போன முறை ஒன்றும் ஆகவில்லை என்பது, போன முறை அடித்த காற்றுக்கான சான்று மட்டுமே.

பத்து லட்சத்துக்கு நூறு, ஆயிரம் என்ற இந்தச் சொற்ப அளவு ஏன் ஆளைச் சாய்க்கிறது? இதைக் கண்டுபிடித்த கதை நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்தது.

இரத்தத்தோடு மோனாக்சைடு கெட்டியாகச் சேர்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பாரிஸில் குளோது பெர்னார் காட்டிவிட்டார். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன், வெடிவிபத்து நடந்த சுரங்கங்களுக்குள் இறங்கி, இறந்தவர்களைப் பரிசோதித்தார். பலரது உடலில் வெடிப்பின் காயமே இல்லை. தோல் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. வெடிப்பு கொல்லவில்லை, அதன்பின் சுரங்கத்தில் நிறைந்த மோனாக்சைடு கொன்றிருக்கிறது என்று 1896-ல் அறிக்கை கொடுத்தார். அதற்கு முந்தைய வருஷம் அந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் இரத்தத்தில் அது எவ்வளவு ஏறுகிறது, எந்தக் கட்டத்தில் தலைவலி, எந்தக் கட்டத்தில் கால் தள்ளாட்டம் என்று குறித்து வெளியிட்டிருந்தார். இரத்தத்தில் ஏறக்குறைய பாதி மோனாக்சைடின் கைக்குப் போகும்வரை நிறுத்தவில்லை. இந்தக் காலத்து நெறிக்குழு எதுவும் அனுமதிக்காத வேலை.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் எனக்குப் பிடித்தது. சுண்டெலிகளைச் சாதாரண அழுத்தத்தைவிட இரண்டு மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனில் வைத்து, கூடவே மோனாக்சைடையும் விட்டார். அவற்றின் ஹீமோகுளோபின் முழுக்க மோனாக்சைடு பிடித்துக்கொண்டது. எலிகள் சாகவில்லை! அந்த அழுத்தத்தில் இரத்த நீரிலேயே போதுமான ஆக்சிஜன் கரைந்துவிட்டதால் ஹீமோகுளோபின் இல்லாமலே அவை சமாளித்துக்கொண்டன. மோனாக்சைடு முதன்மையாகச் செய்யும் தீங்கு, ஆக்சிஜன் ஏற்றிப்போகும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான் என்பது இப்படி உறுதியானது. அது திசுக்களுக்குள் வேறு சில புரதங்களையும் பிடிக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. சுரங்கத்தில் சின்ன உயிர்களை எச்சரிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவரும் ஹால்டேன்தான். அப்படி வந்த கேனரிக் குருவிகளை விலக்கிவிடுவதாகப் பிரிட்டன் அறிவித்தது 1986-ல்.

ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைப் போல இருநூறு மடங்குக்கு மேல் பலமாக மோனாக்சைடைப் பிடிக்கிறது. காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. அதில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது காற்றில் ஆயிரத்துக்கு ஒன்று மோனாக்சைடு இருந்தால், நேரம் கொடுத்தால் போதும், இரண்டும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். கடும் இரத்தசோகையில் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவர் சோர்வோடாவது நடமாடுகிறார். பாதியை மோனாக்சைடு பிடித்துக்கொண்டவர் நினைவிழந்து விழுகிறார். மீதிப் பாதியையும் அது சும்மா விடுவதில்லை என்பதே வித்தியாசம். ஒரே ஹீமோகுளோபினில் ஓரிடத்தில் மோனாக்சைடு உட்கார்ந்தால், பக்கத்து இடங்களில் இருக்கும் ஆக்சிஜனைத் திசுக்களிடம் இறக்கிவிட மறுக்கும்படி அந்த மூலக்கூறின் வடிவமே மாறிவிடுகிறது. சரக்கு இருக்கிறது, இறக்குவதுதான் நடப்பதில்லை.

கரி மூட்டையில் படம் வந்ததற்குப் பின்னாலும் ஒரு புயல்காற்று இருக்கிறது. 1993 ஜனவரி 20 அன்று சியாட்டில் பகுதியைச் சூறாவளிக்கு இணையான காற்று தாக்கியது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. குளிரில் வீட்டைச் சூடாக்கவும் சமைக்கவும் பலர் கரியடுப்பை உள்ளே எடுத்துவந்தார்கள். அந்தப் புயலையொட்டி மோனாக்சைடு பாதிப்புக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 81 பேர். ஜெனரேட்டரும் கரியும்தான் பெரும்பாலும் காரணம். கரியால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் சிறுபான்மை இனத்தவர், பாதிக்கு மேல் ஆங்கிலம் பேசாதவர்கள். மூட்டையில் எச்சரிக்கை முன்பும் இருந்தது, எழுத்தில். 1990-களின் பிற்பகுதியில் படமும் கட்டாயமாயிற்று. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கும் அந்தப் படம் புரியும். வராந்தாவைத்தான் அதில் சேர்க்கவில்லை. குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை நம் மலைவாசஸ்தலங்களிலிருந்தும் அவ்வப்போது படிக்கிறோம்.

வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரைவிட வீட்டுக்குள் இருப்பவருக்கு ஆபத்து கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. சமையலறைச் சிம்னியும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் துணி உலர்த்தும் இயந்திரமும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வெளியே போன காற்றின் இடத்துக்கு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராந்தாக் கதவு திறந்திருந்தால் அங்கிருந்துதான் வரும். உள்ளே அம்மா சாம்பாருக்குத் தாளிக்கச் சிம்னியை வேகமாக வைத்தால், வெளியே மகன் மூட்டிய கரியின் வாயுவை வீடு உறிஞ்சிக்கொள்கிறது. மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசு, கிட்டத்தட்ட ஒரே எடை. ஆறிய பிறகு கூரையிலும் ஒட்டாது, தரையிலும் படியாது, போகும் காற்றோடு போகும். அமெரிக்க வீட்டுச் சுவர்களுக்குப் போடும் ஜிப்சம் பலகையின் ஊடாகவே அது கசிந்து மறுபக்கம் போய்விடுகிறது என்பதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கேஸ் கிரில் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்து நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடும். ஒழுங்காக எரியும் கேஸில் மோனாக்சைடு குறைவுதான். ஆனால் நடுத்தரக் கேஸ் கிரில் ஒன்று வெளியிடும் வெப்பம் சுமார் பத்து கிலோவாட். கூரையோட்டமாகப் பரவுவது இந்தச் சூடு. வராந்தாக் கூரையின் அடிப்பலகையும் இறவாணமும் பல வீடுகளில் வினைல் பிளாஸ்டிக். அது சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே இளகித் தொய்யத் தொடங்கும். மரம் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, ஆனால் 200 டிகிரியைத் தாண்டினால் மெல்லக் கருகி, எரியும் வாயுக்களை விடத் தொடங்கும். இறைச்சிக்கொழுப்பு தட்டில் தேங்கித் தீப்பிடித்தால் அந்தச் சூடு வர நேரமே ஆகாது. கூரையில் முட்டிய சுடருக்கு எரியப் போதிய காற்று கிடைக்காததால், அது காற்றைத் தேடிப் பக்கவாட்டில் நீளும். திறந்தவெளியில் மேலே ஒரு மீட்டர் எழுந்து அடங்கியிருக்க வேண்டியது, கூரையடியில் தவழ்ந்து விளிம்புவரை போகும். அந்த விளிம்பில்தான், மச்சுக்குக் காற்றுப் போவதற்காக இறவாணப் பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். துளை வழியாக மச்சுக்குள் போன தீ, கீழே இருப்பவருக்குத் தெரிவதற்குள் வீட்டின் தலையில் ஏறிவிட்டிருக்கும். அமெரிக்காவில் கிரில் சம்பந்தப்பட்ட வீட்டுத் தீ விபத்துகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் என்ற அளவில் நடக்கின்றன. ஜூலைதான் உச்சம். கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,700 லிட்டர் நீராவியாகி எரியும் கொழுப்பை அள்ளி வீசும். குமிழைத் திருகிக் கேஸை நிறுத்தி மூடியைச் சாத்துவதுதான் வழி.

சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் எதிர்த்திசைக்காரன். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ரெகுலேட்டரிலோ ட்யூபிலோ கசிந்தால் தரையில் ஓடும். வராந்தாவில் வலைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு அரைச்சுவர் இருந்தால் அதற்குள்ளேயே நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றும். நல்லவேளை, அதற்கு வாசனை சேர்த்து விற்கிறார்கள். டெக்சாஸின் நியூ லண்டனில் 1937 மார்ச் 18 அன்று பள்ளியொன்றில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். எரிவாயுவில் நாற்றம் கலப்பதை டெக்சாஸ் சட்டமாக்கியது அதன் பிறகு. மோனாக்சைடுக்கு இந்த வசதி இல்லை. அது ஆலையில் நிரப்பி வருவதல்ல, நம் அடுப்பிலேயே பிறப்பது. யார் போய் அதில் மணம் சேர்ப்பது?

சட்டம் இதில் பாதிதான் தலையிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில், எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து பத்தடிக்குள்ளும் பால்கனியிலும் நெருப்பு வைத்துச் சமைக்கக் கூடாது என்று பல ஊர்களின் தீ விதிகள் சொல்கின்றன. தனி வீட்டுக்காரருக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. வராந்தாக்கள் அதிகம் இருப்பதோ தனி வீடுகளில். ஆகவே முடிவு வீட்டுக்காரர் கையில். அதே பத்தடியை அவரும் வைத்துக்கொள்ளலாம்: அடுப்பு வெட்டவெளியில், வீட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, நனைவது சமைப்பவர் மட்டும். கூரையடியில்தான் சமைத்தாக வேண்டும் என்பவருக்கு மின்சாரக் கிரில் இருக்கிறது. கரியின் ருசி அதில் வராது என்பது உண்மை. பணம் செலவழித்து வெளிச் சமையலறை கட்டுகிறவர்கள் எரியாத கூரைப்பலகையும், கிரில்லைவிட அகலமான புகைக்கூண்டும், அதற்கேற்ற விசிறியும் சேர்த்தே கட்டுவது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவையும் வீட்டை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

வராந்தாக் கதவுக்கு உள்பக்கம், படுக்கையறைகளுக்கு அருகில், மோனாக்சைடு அலாரம் ஒன்று இருப்பது நல்லது. அதன் உள்ளே ஒரு சிறு மின்வேதிக் கலம் இருக்கிறது. மோனாக்சைடு மின்முனையில் படும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து கொஞ்சம் மின்சாரம் பிறக்கிறது, அந்த மின்னோட்டமே அளவு. பலரும் அறியாத விஷயம், அமெரிக்கத் தரப்படி இந்த அலாரம் வேண்டுமென்றே தாமதமாகத்தான் கத்தும். பத்து லட்சத்துக்கு 70 பங்கு என்றால் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள். 400 என்றால் நான்கிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள். காற்றில் இருப்பது இரத்தத்தில் ஏற எடுக்கும் நேரத்தை ஒட்டி அமைத்த கணக்கு அது. குறைந்த அளவில் அலாரம் பேசாமல் இருப்பதற்கு ‘ஒன்றுமில்லை’ என்று பொருளில்லை. கர்ப்பிணிகளும் இதயநோய் உள்ளவர்களும் அதற்கு முன்பே பாதிக்கப்படலாம்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. ஆரம்ப அறிகுறிகள் இவ்வளவுதான். விருந்து சாப்பிட்ட மாலையில் இவை வந்தால் கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிக் கஷாயம் வைக்கத் தோன்றும். ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்கு வருவதும், வெளியே போய் நின்றால் தணிவதும்தான் துப்பு. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இரண்டு நிற ஒளியை வைத்து வேலை செய்யும் அந்தக் கருவிக்கு மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழைத்து, கரி மூட்டியிருந்தோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் மருத்துவமனையில் மோனாக்சைடைத் தனியாக அளக்கும் இரத்தச் சோதனை செய்வார்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றேகால் மணியில் பாதியாகும். அழுத்த அறைக்குள் வைத்துக் கொடுத்தால் இன்னும் வேகம், அரைமணிக்கும் குறைவு. ஹால்டேனின் எலிகள் பிழைத்த அதே வழிதான் அது.